குறுக்கில் வராதவள்

“தார் ரோட்ட விட்டு எறங்காத காலு ஒனக்கு. நீ மண்ணுல சைக்கிள் ஓட்டப் போறியாக்கும்?”

அப்பா இதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு முன்னால் பலகையில் குந்தியிருந்தார். அவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை. என் கையில், பொகவந்தலாவை பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் கொடுத்த நோட்டீஸ். கொழும்பிலிருந்து யாரோ வந்து நடத்தும் மூன்று நாள் சைக்கிள் போட்டி. தார் பாதை கிடையாது. தோட்டத்து மண் ரோடு, ஆற்றங்கரை, காட்டோரம், தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை. மூன்று நாளும் காலையில் புறப்பட்டுப் பின்னேரத்துக்குள் குறித்த இடத்தில் போய்ச் சேர வேண்டும். பெண்களும் சேரலாம் என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள்.

நோட்டீஸை மடித்துக்கொண்டேன். அவர் சைக்கிளை மட்டும் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் அப்பா அந்த நாளை வாயால் தொட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் லயம், கொழுந்து எடுப்பவர்களின் வரிசை வீடு, தோட்டத்தின் மேல் பிரிவில் இருக்கிறது. அங்கிருந்து பஜாருக்கு இறங்க இரண்டு வழி. ஒன்று ரோடு, மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் பதினொரு மைல். மற்றது குறுக்கு, தேயிலைக்குள் நேராக இறங்கும் ஒற்றையடிப் பாதை, மூன்று மைலுக்குள் முடிந்துவிடும். எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கும், சாமான் வாங்கவும், சம்பந்தம் பேசவும், யாராவது செத்தால் கேதம் சொல்லவும் குறுக்கில்தான் போவார்கள். ரோட்டில் போகிறவர்கள் லொறிக்காரர்கள், தோட்டத்துத் துரை, கொழுந்து மலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வீட்டார். அப்புறம் நான்.

சின்ன வயதில் நானும் குறுக்கில் நடந்தவள்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்து, பஜாரில் இருந்த பெரிய பள்ளிக்குப் போனேன். வெள்ளைக் கவுன், வெள்ளைச் சப்பாத்து. குறுக்கில் இறங்கினால் சப்பாத்தில் செம்மண் ஒட்டும். அதை வகுப்பு வாசலில் புல்லில் தேய்த்துத் துடைப்பேன்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் பெரிய மழை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா மலையிலிருந்து அப்படியே குறுக்கில் இறங்கி, குடையோடு பள்ளிக்கூட கேட்டுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் படங்குச் சாக்கு. தலையில் மடித்துப் போட்ட கம்பளி. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. என்னோடு நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, “அது யாருடி?” என்றாள். “எங்க லயத்துல இருக்கவங்க” என்றேன்.

அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. கிட்ட வந்து குடையை நீட்டினாள்.

“இந்தாங்க. மழ வருது, பாத்துப் போங்க.”

பெற்ற மகளை ‘இந்தாங்க’ என்றாள். நான் சொன்ன பொய்யை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே குறுக்கில் ஏறிப் போனாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நான் குறுக்கில் போகவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு என்று சொன்னால் நல்லவள்போல் இருக்கும். உண்மை அது அல்ல. அந்தப் பாதையில் போகிற வரைக்கும் நான் யார் மகள் என்று எல்லோருக்கும் தெரியும். கண்டாக்கு ஐயாவின் மகள் என் வகுப்பு. “பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கிறோம்” என்று சொல்லி அவர்களுடைய வேனில் ரோட்டில் போகத் தொடங்கினேன். அவள் சைக்கிளில்தான் ஓட்டப் பழகினேன். அவள் விழுந்து எழும்பி அலுத்துப் போனாள். எனக்கு அலுக்கவில்லை.

தார் ரோடு எனக்குப் பிடித்துப் போனது. ஏறும்போது நெஞ்சு வெடிக்கும். இறங்கும்போது காதில் காற்று மட்டும்தான். உயர்தரப் பரீட்சை முடிந்து, பஜார் பள்ளியிலேயே ஆசிரியை வேலை கிடைத்ததும் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு பழைய ரேஸிங் சைக்கிள். ஆட்டுக்கடாக் கொம்புபோல் வளைந்த ஹேண்டில், விரல் பருமனில் டயர். நானாதான் தேடிக் கொடுத்தார். சித்திரை மாதம் நுவரெலியாவில் நடக்கும் ஓட்டங்களில் பெண்கள் பிரிவில் இரண்டு தடவை கப் எடுத்தேன். கப்பை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, உள்ளே தீப்பெட்டி போட்டு வைத்தாள். என்னோடு ஒரு தடவை வந்து பார்க்கச் சொன்னேன்.

“நீ போற வழியில நான் எங்க வாறது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்றாவது தடவை நுவரெலியாவுக்குப் போயிருந்தபோது அம்மா கொழுந்து மலையில் விழுந்தாள். நெஞ்சு வலி. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் மருந்துக்கடைக்குத் தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் வந்தது. ஓட்டத்துக்குப் போட்ட உடுப்போடு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பஸ் மாறி, மாறி, பஜாரில் இறங்கியபோது பின்னேரம் மூன்றரை. நானா கடையை விட்டு ஓடி வந்தார்.

“சைக்கிள இங்க வச்சிட்டுக் குறுக்கால ஏறுங்க மகள். கெதியாப் போங்க.”

நான் கேட்கவில்லை. மூன்று மைல் ஏற்றத்தை நடப்பதைவிடப் பதினொரு மைலைச் சைக்கிளில் மிதிப்பது வேகம் என்று நினைத்தேன். கப் எடுத்தவள் அல்லவா. சறுக்கும் அந்தப் பாதையில் கால் வைத்துப் பத்து வருடத்துக்குக் கிட்ட ஆகியிருந்ததும் ஒரு காரணம். ஆறாவது மைலில் டயர் வெடித்தது. கையில் இருந்த ஒரே டியூபை மாற்றினேன். எட்டாவது மைலில் மறுபடி வெடித்தது. அதற்குப் பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வீசி எறிந்துவிட்டு ஓடியிருக்கலாம். அதுகூட அப்போது தோன்றவில்லை.

லயத்துத் திருப்பத்தில் ஆண்கள் எதிரே வந்தார்கள். எல்லோருக்கும் தலை நனைந்திருந்தது. அடக்கம் முடிந்து குளித்துவிட்டு வருகிறார்கள் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

மழை இருட்டிக்கொண்டு வந்ததாம். அப்படியும் ஐந்து மணி வரை வைத்திருந்தார்களாம். சித்தப்பாவைக் குறுக்கின் உச்சியில் நிறுத்தி, நான் ஏறி வருகிறேனா என்று பார்க்க வைத்திருந்தார்கள். “கண்ணுக்கு எட்டின மட்டும் ஆளக் காணோம்” என்று அவர் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் தூக்கினார்கள். ரோட்டைப் பார்க்க ஒருவரையும் நிறுத்தவில்லை. தாய் செத்த சேதி கேட்டு வருகிற மகள் ரோட்டைச் சுற்றி வருவாள் என்று எங்கள் ஆட்களுக்கு எப்படித் தோன்றும்?

நான் அம்மாவுக்கு வாய்க்கரிசி போடவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. முதல் நாள் ஆற்றோரமாக. மூன்றாம் நாள் காட்டோரமாக. இரண்டாம் நாள் கோடு எங்கள் தோட்டத்து மேல் பிரிவுக்கு ஏறி, குறுக்கு வழியாகப் பஜாருக்கு இறங்கியது. கொழும்பில் இருந்து வந்தவர்களுக்கு அது ஒரு நல்ல இறக்கம். நான் அந்தக் கோட்டை விரலால் மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தேன். அன்றைக்கே பெயர் கொடுத்தேன். வெல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த மூன்று மைலையும் சைக்கிளை விட்டு இறங்காமல் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதை முடிக்காமல் அப்பா சொன்ன வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை.

நானாவின் கடையில் ஒரு மவுண்டன் பைக் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போனது. என் ரேஸிங் சைக்கிளை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு அதை இறக்கித் தந்தார்.

“ரேஸு முடியட்டும், எது வேணுமெண்டு பொறகு சொல்லுங்க” என்றவர், டயரைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார். “ரோட்டு டயருக்குக் காத்து கல்லு மாதிரி நிக்கோணும். இதுக்குப் பழுத்த மாம்பழம் மாதிரி. இத மறந்தா மகள், பல்லுக் கட்டத்தான் போகோணும்.”

மறக்கவில்லை. ஆனாலும் விழுந்தேன். ரோட்டில் பழகிய உடம்பு தலையைக் குனிந்து முன்சக்கரத்துக்கு மேல் சாய்ந்துகொள்கிறது. கை ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கிறது. குறுக்கிலோ இருபது அடிக்கு ஒரு கான். மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தேயிலைக்குள் வெட்டி வைத்திருக்கும் வடிகால்கள் அவை. முதல் கானைக் கண்டதும் முன் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகளுக்குள் போய் விழுந்தேன். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நிரம்பிய கூடையோடு பெண்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அவர்கள் பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கிறார்கள். முழங்கால் எப்போதும் மடிந்தே இருக்கிறது. பாரத்தைப் பின்னால் விட்டுவிட்டு, காலடியைப் பார்க்காமல் பத்தடி தூரத்தைப் பார்க்கிறார்கள். நானும் இருக்கைக்குப் பின்னால் உடம்பைத் தள்ளி, முழங்கையைத் தளர்த்தி, அடுத்த கானைப் பார்த்தபடி இறங்கினேன். சைக்கிள் தானாகத் தாண்டியது. அம்மாவும் இப்படித்தான் இறங்கியிருப்பாள். அவளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வருடங்களில் நான் வேனின் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள்தான் முதல் தடவையாக வேகமாக இறங்கினேன். பாதி வழியில், கீழ்ப் பிரிவுப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கடகடவென்று வருகிற சத்தம் கேட்டு ஒருத்தி நிமிர்ந்தாள்.

“ஐயோ, யாருக்கு என்னமோ!”

அவ்வளவுதான். நிரை நிரையாகக் கைகள் நின்றன. ஒரு கிழவி கூடையோடு பாதையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மாவின் மகள், கீழ்ப் பிரிவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, தேயிலையை விலக்கிக்கொண்டு ஓடிவந்து என் ஹேண்டிலைப் பிடித்தாள். அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர்கள்.

“சொல்லு. எங்கம்மாவா?”

“இல்லக்கா. ஒன்னுமில்ல. சும்மாதான் வந்தேன்.”

“சும்மாவா?”

“ரேஸுக்குப் பழகுறேன்.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தலையில் ஓங்கிக் குட்டினாள்.

“சும்மா வர்ற வேகமாடி இது? கேதம் சொல்ற ஆளுகூட இப்புடி ஓடி வர மாட்டான்.”

பின்னால் இருந்து ஒருத்தி, “டீச்சருக்கு ரோடெல்லாம் தேஞ்சு போச்சாம், அதான் நம்ம பாதைக்கு வந்திருக்கு” என்றாள். சிரித்தார்கள். கங்காணி கீழேயிருந்து, “சிரிச்சது போதும், கொழுந்த எடுங்க” என்று கத்தினார். உட்கார்ந்த கிழவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய மகன் கொழும்பில் கடையில் வேலை செய்யப் போனவன். இராணுவச் சோதனை ஒன்றில் பிடிபட்டு நான்கு மாதம் எங்கே என்று தெரியாமல் இருந்து திரும்பி வந்தவன். மறுபடி கொழும்புக்கே போயிருந்தான். அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் பயப்பட ஒருவர் இருந்தார். கைத்தொலைபேசி எங்கள் பக்கம் மேட்டில் ஏறினால்தான் பிடிக்கும். வேலை மலையில் நிற்கிறவர்களிடம் அதுவும் இல்லை. நல்ல சேதி நடந்து வரும். கெட்ட சேதிதான் குறுக்கில் ஓடி வரும்.

அக்காதான் சட்டம் போட்டாள். “இனிமே வாறதுன்னா மேல திருப்பத்துல இருந்தே சத்தம் போடு. ‘சும்மாதான்’னு சொல்லு. நாங்க நெஞ்சப் புடிக்காம வேலையப் பாக்குறோம்.”

அப்படியே நடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை லொறியில் போட்டு மேலே கொண்டுபோவேன், திருப்பத்தில் நின்று “சும்மாதான்!” என்று கத்துவேன். கீழேயிருந்து “கேட்டுச்சு, போ!” என்று பதில் வரும். சில நாள் பதிலோடு சேர்ந்து ஏதாவது வரும். “சம்பளம் வாங்கிக்கிட்டு சும்மாங்குது பாரு!” “சும்மா போறவ இந்தக் கூடையயும் தூக்கிட்டுப் போ!” வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற என் குரல் அந்த மலையில் ஒரு கொக்கரிப்பு மாதிரித்தான் கேட்கும்.

பள்ளி விடுமுறை வந்ததும் மூன்று நாள் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தேன். தினம் விடியலில் புறப்பட்டு, ரொட்டியும் சம்பலும் துணியில் முடிந்து, அட்டைக்கு உப்புப் பொட்டலம் கட்டி, ஆற்றோர மண் ரோட்டில் நோர்வூட் பக்கம் போய்த் திரும்புவேன். முதல் நாள் சரி. இரண்டாம் நாள் தொடை கல்லாகிவிட்டது. ரோட்டு ஓட்டங்கள் ஒரு மணி, இரண்டு மணியில் முடிபவை. நேற்றைய களைப்பின் மேல் இன்றைக்கு ஏறி உட்கார்வது எனக்குப் புதிது. மூன்றாம் நாள் காலையில் புறப்பட மனம் வராமல் பாயில் கிடந்தபோது, அம்மா இப்படி முப்பது வருடம் எழும்பி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள் என்ற நினைப்பு வந்தது. அது உற்சாகம் தரவில்லை. எழும்ப மட்டும் வைத்தது.

ஒன்று மட்டும் முடியவில்லை. குறுக்கின் பாதிக்கு மேல், கருப்பந்தைலம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரங்களுக்கு அடியில் எங்கள் புதைகாடு. பாதை அதன் வேலியை ஒட்டி வளைகிறது. எங்களில் பெண்கள் புதைகாட்டுக்குள் போவதில்லை. அம்மாவின் இடம் எது என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டதும் இல்லை. அந்த வளைவு வந்ததும் கால் தானாக ஊன்றிவிடும். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அந்த முப்பது நாற்பது அடியைத் தாண்டி மறுபடி ஏறுவேன். போட்டிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தபோதும் அப்படித்தான். இறக்கம் முழுவதையும் ஓட்டக்கூடியவள் அந்த முப்பது அடியில் நடந்துகொண்டிருந்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் பக்கத்துக் காம்பரா பெரியம்மாவுக்கு முடியாமல் போனது. நாலைந்து நாளாகச் சளியும் காய்ச்சலுமாகக் கிடந்தவள்தான். காலை ஒன்பது மணிபோல் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். தோட்டத்து லொறி கொழுந்தோடு தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போயிருந்தது. மருந்துக்கடை ஐயா வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மகளுக்குச் சொல்லி அனுப்புங்க” என்றார். பெரியம்மாவுக்குக் கீழ்ப் பிரிவு அக்கா ஒரு மகள்தான்.

அப்பா முழங்கால் வலி என்று அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வாசலில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வயதான ஒருத்தி, “பொம்பளப் புள்ளையவா கேதம் சொல்ல அனுப்புறது?” என்றாள்.

“இன்னும் கேதம் ஆகல” என்றார் அப்பா. பிறகு என்னிடம், “நீ போ புள்ள. குறுக்குல போ.”

முந்தின இரவு பெய்த மழையில் பாதை நெய் பூசினதுபோல் இருந்தது. பின்சக்கரம் இரண்டு தடவை பக்கவாட்டில் போனது. கான்களை எண்ணவில்லை. மேல் திருப்பம் வந்தது. வழக்கமாகச் சத்தம் போடும் இடம். வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? சும்மாதான் என்று கத்த முடியாது. வேறு எதையும் கத்தவும் முடியாது. வாயை மூடிக்கொண்டு இறங்கினேன்.

கீழே அவர்களுக்குச் சைக்கிள் சத்தம் கேட்டிருக்கிறது; என் சத்தம் கேட்கவில்லை. தேயிலை விளிம்புக்கு நான் வந்தபோது ஒரு கையும் கொழுந்தில் இல்லை. யாரும் அலறவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றி, கூடையை மெல்லக் கீழே வைத்தார்கள். கொழும்பில் மகன் உள்ள கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவளைத் தாண்டிப் போனேன். தாண்டியதும் அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு பேரைத் தாண்டினேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. யார் முன்னால் நிற்கப்போகிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா முன்னால் பிரேக் பிடித்தேன்.

“சத்தம் ஏன்டி போடல?” என்றாள்.

“உசுரு இருக்குக்கா. வா.”

அவள் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. சைக்கிளின் இருக்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். நான் தள்ள, அவள் பின்னால் ஏறினாள். கருப்பந்தைல மரங்களுக்குக் கீழே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இறங்கும்போது நான் இந்த வளைவில் கால் ஊன்றவில்லை. ஈர மண்ணில் என் டயர்த் தடம் வேலியோரமாக முறியாமல் போயிருந்தது. அதன் மேல் இப்போது நாங்கள் இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தோம்.

பெரியம்மாவுக்கு உயிர் இருந்தது. அக்கா மடியில் தலையை எடுத்து வைத்துக்கொண்டு பால் ஊற்றினாள். முதல் கரண்டி உள்ளே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது.

நான் வெளியே மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒப்பாரி எழும்பியது. நல்லது செய்தேன் என்ற நிறைவு எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது பொறாமை. தாயை இழந்து அழுகிற ஒருத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அவள் கையில் இரண்டு கரண்டி பால் இருந்தது. என் கையில் என்ன இருந்தது? வெடித்த ஒரு டியூப். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா பீலியடிக்கு வந்தார். என் கால் சேற்றையும் சைக்கிளையும் பார்த்தார். செம்பில் தண்ணீர் பிடித்து, சங்கிலியில் ஒட்டியிருந்த மண்ணின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“வேலிக்கு அந்தப் பக்கம் மூணாவது மரம். அதுக்குக் கீழதான் ஒங்கம்மா.”

மறுநாள் பின்னேரம்தான் அடக்கம் என்று முடிவானது. போட்டிக்குப் போகவா, வேண்டாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. விடியலில் பெரியம்மாவின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா அழுது வீங்கிய முகத்தோடு, “மொத நாளு ஓட்டமா இன்னைக்கு?” என்றாள். தலையசைத்தேன். “பின்னேரம் தூக்குறதுக்குள்ள வந்துருவியா?” “வந்துருவேன்க்கா.” “குறுக்குல வா” என்றாள். வருகிறேன் என்றேன்.

ஓட்டம் பஜாரில் தொடங்குகிறது. மேல் பிரிவில் இருந்து வருகிற எனக்காகப் போட்டி நடத்துகிறவர்கள் ஒரு வேன் அனுப்பியிருந்தார்கள். அது ரோட்டில் நின்று ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. நான் சைக்கிளை லயத்துக்குப் பின்னால், குறுக்கு தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். பனி இன்னும் தேயிலை மேல் கிடந்தது. மூன்றாவது மரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அன்றைக்குத் துக்கத்துக்காக மேல் பிரிவில் வேலை இல்லை; கீழ்ப் பிரிவில் பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறி வருகிற நேரம்.

“புள்ள! வேன் ரோட்டுல நிக்குதே!” என்று அப்பா கூப்பிட்டார்.

“சும்மாதான்!” என்று கீழே பார்த்துக் கத்தினேன். பனிக்குள் யாரையும் காணவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கீழேயிருந்து ஒரு குரல், “கேட்டுச்சு, போ!” என்றது.

அப்போது நான் மூன்றாவது கானைத் தாண்டியிருந்தேன்.